இரண்டு பதினாறுகள்

இந்தியானா மாநிலத்தில் வேலை நிமித்தமாக ஐந்தாண்டுகள் குடியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளைகளில் நான் தவறாமல் போய்க்கொண்டிருந்த இடம், ஊருக்கு வெளியே மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் தகரக் கூரை போட்டு நின்ற ஒரு நீண்ட கொட்டகை. அதன் சொந்தக்காரர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகளைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்டிக் கொடுப்பதையே ஆயுள் முழுவதும் ஜீவனமாகக் கொண்டவர். தமக்கென்று அப்படிப்பட்ட வண்டி ஒன்றை அவர் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை. பிறருடைய வண்டிகளை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், தம் கூரையின் கீழ் வைத்துச் சீராட்டுவதிலேயே அவருக்குத் திருப்தி இருந்தது. குளிர் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்த ஓர் அக்டோபர் மாதத்துக் காலையில், அந்தக் கொட்டகையில், 1930ஆம் வருஷத்துக் காடிலாக் ஒன்றும் 1931ஆம் வருஷத்து மார்மன் ஒன்றும், இரண்டுக்கும் பானெட் திறந்தபடி, அடுத்தடுத்து நிற்கக் கண்டேன். இரண்டும் பதினாறு சிலிண்டர் வண்டிகள். அமெரிக்க தேசத்தில் பொது விற்பனைக்கென்று பதினாறு சிலிண்டர் வண்டிகளைச் செய்து வெளியிட்டவை அந்த இரண்டு கம்பெனிகள் மட்டுமே, அவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே பார்வையில், உள்ளுறுப்புகள் தெரியக் காணும் பாக்கியம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை, பின்னாலும் வாய்க்கவில்லை.

இதை இப்போது எழுத நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவிலேயே தங்கிவிட்ட என் நண்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், நெடுநாளைய ஆசையை நிறைவேற்றிக்கொள்ளும் முகமாக யுத்தத்துக்கு முந்திய வண்டி ஒன்றை வாங்கத் தீர்மானித்து, தேடித் தேடி, கடைசியில் ஒரு காடிலாக்குக்கும் ஒரு மார்மனுக்கும் இடையே வந்து நின்றுவிட்டார். "நீர் இரண்டையும் கிட்டப் போய்ப் பார்த்தவர். எதை வாங்கட்டும், சொல்லும்" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது, ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியவில்லை. அன்று சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இங்கே சாவகாசமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், எதற்காகப் பதினாறு என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சாதாரண என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்றும்போது ஒரு முறை வெடிக்கிறது. நான்கு சிலிண்டர் இருந்தால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடி; எட்டு இருந்தால் கால் சுற்றுக்கு ஒன்று; பதினாறு இருந்தால் சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது 45 பாகைக்கு, ஒன்று. ஒரு வெடி அடங்குமுன் அடுத்த வெடி வந்து தோள் கொடுத்துவிடுவதால், சக்தி தனித்தனி உதைகளாக வராமல், ஆற்று நீர்போல் இடைவிடாத ஒழுக்காக வருகிறது. இந்தக் கணக்கை உத்தேசித்துத்தான் இரண்டு கம்பெனிகளும் எட்டு எட்டாக இரண்டு வரிசை சிலிண்டர்களை 45 பாகைக் கோணத்தில் வி எழுத்தைப்போல் சாய்த்து நிறுத்தின. பாலும் நெய்யும்போல் வழுக்கி ஓடும் வண்டி வேண்டுமென்று அக்காலத்துச் செல்வந்தர்கள் கேட்டார்கள். வழுவழுப்பான சாலையோ டயரோ ரப்பர்த் தாங்கிகளோ இன்றைய பக்குவத்தை அடைந்திராத அந்நாளில், என்ஜினையே அதிராதபடி செய்துவிடுவது ஒன்றே அந்தக் கோரிக்கைக்கு நேரான விடையாக இருந்தது.

அந்த விடையை முதலில் யோசித்தவர் ஹோவர்ட் மார்மன் என்பதைக் காடிலாக் பிரியர்களும் மறுப்பதில்லை. அவருடைய குடும்பத்தார் இந்தியானாபொலிஸ் நகரத்தில் மாவு மில்லுக்கு வேண்டிய யந்திரங்கள் செய்து புகழ் பெற்றவர்கள். 1851இல் தொடங்கிய அந்தத் தொழிலிலிருந்து மோட்டார் வண்டிக்கு வழிதிருப்பியவர் இளைய மகனான ஹோவர்ட். 1911ஆம் வருஷம் இந்தியானாபொலிஸ் பந்தயத் தடத்தில் நடந்த முதலாவது ஐந்நூறு மைல் போட்டியில், மார்மன் கம்பெனியின் என்ஜினீயரான ரே ஹாரூன் ஓட்டி ஜயித்த மஞ்சள் நிறக் குளவி வண்டி இவர்கள் பட்டறையில் பிறந்ததுதான். மற்ற வண்டிகளில் பின்னால் வருபவர்களைப் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக் கூட உட்கார்ந்திருக்க, ஹாரூன் மட்டும் ஒற்றையாளாக உட்கார்ந்து, எதிரே ஒரு கண்ணாடியைப் பொருத்திப் பின்புறம் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அந்த வண்டியை அதே பந்தயத் தடத்தின் மியூசியத்தில் இன்றும் காணலாம். நான் பலமுறை அதன் முன்னால் நின்றிருக்கிறேன். தேவையற்றதைக் கழித்துவிட்டுத் தேவையானதைத் தீர யோசித்துச் செய்யும் ஒரு மனம், அந்த ஒற்றை இருக்கையிலும் நான்கு கம்பிகளில் நிற்கும் சின்னஞ்சிறு கண்ணாடியிலும் தெளிவாகத் தெரியும்.

ஹோவர்ட் மார்மனுக்கு அலுமினியத்தின்மேல் தீராத மோகம் இருந்தது. 1916இல் அவர் வெளியிட்ட மாடல் 34 என்ற வண்டியிலேயே, மற்றவர்கள் இரும்பை வார்த்த இடத்திலெல்லாம் அவர் அலுமினியத்தை வார்த்திருந்தார். 1920களின் பின்பாதியில் கம்பெனி நிர்வாகம் வேறு கைகளுக்குப் போய், மலிவான எட்டு சிலிண்டர் வண்டிகளை ஏராளமாக விற்கும் முயற்சியில் இறங்கியபோது, ஹோவர்ட் மட்டும் அந்த ஆரவாரத்திலிருந்து ஒதுங்கி, தம் கனவான பதினாறு சிலிண்டர் என்ஜினை உருவாக்கும் பிரயத்தனத்தில் ஈடுபட்டார். 1927 வாக்கில் தொடங்கிய வேலை அது. அவரிடம் பணியாற்றிய ஓவன் நாக்கர் என்ற என்ஜினீயர், அந்த வேலை முடிவதற்குள் விலகி டிட்ராயிட்டுக்குப் போய், ஜெனரல் மோட்டார்ஸின் கீழ் இருந்த காடிலாக்கில் சேர்ந்தார். ஜெனரல் மோட்டார்ஸின் பெரும் பணமும், வார்ப்படச் சாலைகளும், ஆள் பலமும் பின்னணியில் இருக்க, நாக்கர் அங்கே வகுத்த பதினாறு சிலிண்டர் என்ஜின் 1930 ஜனவரியில் நியூயார்க் கண்காட்சியில் உலகத்தின் முன் வந்து நின்றுவிட்டது. மார்மனுடைய வண்டி அதே வருஷம் நவம்பரில்தான் சிகாகோவில் தலைகாட்டியது. வாங்கியவர்கள் கைக்குப் போய்ச் சேர 1931 ஆகிவிட்டது. முதலில் விதைத்தவர் பின்னால் அறுவடை செய்ய நேர்ந்தது. அதற்குள் வானமும் பொய்த்துவிட்டது. 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததன் முழுப் பாரமும் தேசத்தின் தலைமேல் இறங்கிய நேரம் அது.

அந்தப் பத்து மாத வித்தியாசம் எத்தகையது என்பதைக் கணக்கு சொல்கிறது. காடிலாக் அறிமுகமான முதல் ஆறு மாதங்களிலேயே இரண்டாயிரம் வண்டிகளைச் செய்து அனுப்பிவிட்டது. கடைசி வண்டி 1940இல் வெளிவரும் வரைக்குமான பதினோரு வருஷ மொத்தமே நாலாயிரத்துச் சொச்சந்தான் என்றால், முதல் வருஷத்தின் வேகம் எவ்வளவு, அதற்குப் பின் வந்த வறட்சி எவ்வளவு என்பது விளங்கும். 1934 முதல் 1937 வரை வருஷத்துக்கு ஐம்பது, அறுபது வண்டிகளுக்குமேல் போகவில்லை. ஆயினும் தன் பெயருக்கு ஒரு கிரீடமாக அந்த வண்டியைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்க காடிலாக்குக்கு வக்கு இருந்தது. மார்மனோ ஏறத்தாழ 390 வண்டிகளைச் செய்து முடிப்பதற்குள் 1933இல் கடன்காரர்கள் கைக்குப் போய்விட்டது. சாதாரண ஃபோர்டு வண்டி ஐந்நூறு டாலருக்குக் கிடைத்த காலத்தில், இந்த இரண்டு வண்டிகளுக்கும் ஏறத்தாழ ஐயாயிரம் டாலரோ அதற்கு மேலுமோ எண்ணி வைக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பதினாறு சிலிண்டருக்கு ஆசைப்பட்ட மூன்றாவது கம்பெனி பீர்லெஸ். அது ஒரே ஒரு மாதிரி வண்டியைச் செய்து பார்த்துவிட்டு, மோட்டார்த் தொழிலையே கைவிட்டு, மதுவிலக்கு நீங்கியதும் தன் தொழிற்சாலையை பீர் காய்ச்சும் சாலையாக மாற்றிக்கொண்டது. அந்த ஒற்றை வண்டி கிளீவ்லாந்து நகர மியூசியத்தில் இருக்கிறது.

இனிக் கொட்டகைக்குத் திரும்புவோம்.

பெரியவர் என்னை முதலில் காடிலாக்கின் பக்கமாக அழைத்துப் போனார். "எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள்" என்றார். பார்த்தேன். அதுவரை நான் பார்த்த என்ஜின்களிலெல்லாம் குழாயும் ஒயரும் நெம்புகோலும் கண்டபடி ஓடி, கொல்லைப்புறத்துக் கிணற்றடி மாதிரி அலங்கோலமாக இருக்கும். இங்கே அப்படி ஒன்றையும் காணோம். கரிய எனாமல் பூசிய இரண்டு நீண்ட மூடிகளின்மேல் பளபளக்கும் உலோக வரிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. ஒயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒயர்களே இல்லை. ஸ்பார்க் பிளக்குகள் இரண்டு வரிசைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தில் புதைந்திருந்தன. அவற்றுக்குப் போகும் ஒயர்கள் ஒரு மூடியின் கீழ் மறைந்திருந்தன. பொறியைப் பிறப்பிக்கும் இரண்டு காயில்களையும் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடினால், ரேடியேட்டரின் மேல்தொட்டியில் இரண்டு குழிகள் செய்து அவற்றுக்குள் இறக்கியிருக்கிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸில் வண்டிகளின் வடிவத்தை வகுக்கவென்றே ஏற்பட்ட இலாகாவின் தலைவராக இருந்த ஹார்லி எர்ல், வண்டியின் வெளிப்புறத்தோடு நிற்காமல் என்ஜினின் தோற்றத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டதன் பலன் இது. பானெட்டைத் திறந்து காட்டுவதையே ஒரு வைபவமாக ஆக்கிவிட்ட முதல் அமெரிக்க வண்டி காடிலாக் பதினாறுதான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

பிறகு அவர் அதை ஓடவிட்டார். ஸ்டார்ட்டர் முனகி ஓய்ந்தது. என்ஜின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. மேலே வால்வுகள் வைத்த என்ஜின் எதுவானாலும், வால்வுக்கும் அதை அமுக்கும் நெம்புக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளியினால் டிக் டிக்கென்று தையல் மெஷின் மாதிரிச் சத்தம் போடுவது இயற்கை. காடிலாக்கில் அந்த இடைவெளியே ஏற்படாதபடி, எண்ணெயின் அழுத்தத்தினால் இயங்கும் ஒரு சிறு உறுப்பு ஒவ்வொரு நெம்பின் அச்சையும் இம்மியளவு திருப்பித் திருப்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. இன்று கோடிக்கணக்கான வண்டிகளில் வேறு வேறு ரூபங்களில் வந்துவிட்ட இந்த ஏற்பாடு, 1930இல் ஒரு அதிசயம். என் உள்ளங்கையை அந்தக் கரிய மூடியின்மேல் வைத்தேன். வெதுவெதுப்புத் தெரிந்ததே ஒழிய, அதிர்வு தெரியவில்லை.

மார்மனின் பக்கம் வந்தால், காட்சி வேறு. மறைத்து வைக்கும் கலை இங்கே இல்லை. மறைக்க வேண்டிய அவசியம் இருப்பதாக அதைச் செய்தவர் நினைக்கவில்லை. வெண்சாம்பல் நிறமான அலுமினிய வார்ப்படம் ஒன்று, கீழே குறுகி மேலே இரண்டாக விரிந்து, ஒரே துண்டாக நிற்கிறது. காடிலாக்கில் அலுமினிய அடிப்பாகத்தின்மேல் இரண்டு இரும்பு வார்ப்படங்களைத் தனித்தனியே ஏற்றியிருக்க, மார்மனில் அடியும் சிலிண்டர்களும் சேர்ந்து ஒரே வார்ப்பு. அதற்குள் எஃகு உறைகளை இறக்கியிருக்கிறார்கள். அந்த உறைகளைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடுகிறது. அவ்வளவு பெரிய, அவ்வளவு சிக்கலான ஒரு அலுமினியத் துண்டைக் குமிழி விழாமல் வார்த்தெடுப்பது அக்காலத்து வார்ப்படக்காரர்களுக்கு எத்தகைய சோதனையாக இருந்திருக்கும் என்பதைப் பெரியவர் விரலால் அதன் விளிம்பைத் தடவியபடியே எனக்கு விளக்கினார். அமெரிக்க மோட்டார் என்ஜினீயர்களின் சங்கம் ஹோவர்ட் மார்மனுக்கு இந்த என்ஜினுக்காக ஒரு பதக்கம் அளித்துக் கௌரவித்தது.

அளவுகளை ஒப்பிட்டால் ஒரு சுவையான விஷயம் வெளிப்படும். இரண்டு என்ஜின்களிலும் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் ஒன்றே, 4 அங்குலம். சிலிண்டரின் விட்டம் காடிலாக்கில் சரியாக 3 அங்குலம். மார்மனில் அதைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு அதிகம். அந்த எட்டில் ஒரு பங்கு, பதினாறு தடவை பெருகி, 452 கன அங்குலத்தை 491 ஆக்கிவிடுகிறது. சக்தியிலோ வித்தியாசம் அந்த விகிதத்தையும் தாண்டிப் போகிறது. காடிலாக் 165 குதிரைசக்தி, மார்மன் 200. கனமான இரும்பைச் சுமக்காததால் மார்மனின் என்ஜின் 930 பவுண்டோடு நின்றுவிட, அந்த வண்டி மணிக்கு நூறு மைலைத் தாண்டிப் போவதை ஒரு பெரிய காரியமாகவே எண்ணுவதில்லை. காடிலாக்கில் எத்தனையோ வகை உடல்கள், எத்தனையோ பல்சக்கர விகிதங்கள். அவற்றைப் பொறுத்து எண்பதும் தொண்ணூறும் போகும். கனமான ஏழுபேர் வண்டியானால் அதற்கும் மூச்சு வாங்கும்.

நான் இரண்டிலும் ஒரு முறை ஏறிப் போயிருக்கிறேன், ஓட்டியவர் பெரியவர். காடிலாக்கில் உட்கார்ந்தவனுக்கு வண்டி போவதாகத் தோன்றுவதில்லை, சோளக்காடு பின்னால் போவதாகத் தோன்றுகிறது. மூன்றாவது கியரில் போட்டுவிட்டு, நடந்துபோகிற மனிதனின் வேகத்துக்குக் குறைத்து, மறுபடி அப்படியே வேகம் எடுத்தார். ஒரு குலுக்கல் இல்லை. மார்மனிலும் அந்த வழுவழுப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய மாத்திரத்தில் முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளுவது போன்ற உணர்ச்சியும், தூரத்தில் தேனீக்கூடு ஒன்று விழித்துக்கொண்டது போன்ற நாதமும் கூடவே வருகின்றன. அந்த நாதம் என் காதில் இன்னும் இருக்கிறது.

உருவத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மார்மனுக்கு அநியாயம் செய்தவனாவேன். இந்த வண்டியின் வடிவத்தை வகுக்கும் பொறுப்பு, பொருள்களின் உருவமைப்பில் பேர்பெற்ற வால்டர் டோர்வின் டீக் என்பவரின் ஸ்தாபனத்துக்கு வந்தது. உண்மையில் வரைந்தவர் அவருடைய மகன், அப்போது எம்.ஐ.டி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அந்த இளைஞர், அந்நாளைய வண்டிகளின் மூக்கில் பதக்கம்போல் துருத்திக்கொண்டிருந்த ரேடியேட்டர் மூடியை எடுத்து பானெட்டுக்குக் கீழே ஒளித்துவிட்டார், ரேடியேட்டர் முகத்தைச் சற்றே பின்சாய்த்தார், பானெட்டை முன்கண்ணாடி வரைக்கும் தடையின்றி ஓடவிட்டார், கூரையைத் தாழ்த்தினார், ஒட்டு வேலைகளையும் பட்டைகளையும் களைந்தார். லெபாரன் கம்பெனியார் அதை அலுமினிய உடலாகக் கட்டிக் கொடுத்தார்கள். 145 அங்குல நீளச் சக்கர இடைவெளியுள்ள அத்தனை பெரிய வண்டி அவ்வளவு அடக்கமாக, எளிமையாக நிற்பதைப் பார்க்கும்போது, நகையே அணியாமல் வெள்ளைப் பட்டுடுத்தி வந்த ஒரு மூதாட்டி கல்யாணப் பந்தலில் எல்லோர் கண்ணையும் கவர்வது போல் இருக்கிறது. காடிலாக்கின் அழகு வேறு ரகம். ஃபிளீட்வுட் பட்டறையார் ஐம்பதுக்கும் மேற்பட்ட உடல் வகைகளை அதற்கு வகுத்துக் கொடுத்தார்கள். 148 அங்குலச் சக்கர இடைவெளியின்மேல் அமைந்த நான்கு கதவுத் திறந்த வண்டியைப் பின்புறத்திலிருந்து பார்த்தால், இத்தனை நீளத்தை இத்தனை லாகவமாகக் கையாண்டவர்கள் உண்டா என்று வியப்பு வரும். ஆனால் மூடிய காடிலாக் வண்டிகளில் பல, நின்ற நிலையில் கொஞ்சம் கனத்துத்தான் தெரிகின்றன.

சேகரிப்பாளருக்கு வேண்டிய விஷயங்களுக்கு வருகிறேன். அழகும் சரித்திரமும் ஒரு பக்கம் இருக்க, வாங்கியபின் அதோடு வாழ வேண்டியவர் அவர்.

காடிலாக்கைப் பொறுத்தவரை பெரிய வரப்பிரசாதம், காகிதங்கள். ஒவ்வொரு வண்டியும் எந்த நிறத்தில், எந்த உடலோடு, எந்த ஊர் வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்ற தொழிற்சாலைக் குறிப்பு ஜெனரல் மோட்டார்ஸின் ஆவணங்களில் பத்திரமாக இருக்கிறது, கேட்டுப் பெறலாம். முதல் வரிசை வண்டிகளின் என்ஜின் எண் 700001இலிருந்து தொடங்குகிறது. அந்த எண்ணையும், ஃபிளீட்வுட் பட்டறையார் பொறித்த உடல் தகட்டையும், அந்தக் குறிப்பையும் மூன்றையும் ஒத்திட்டுப் பார்க்காமல் ஒருவர் காசை எடுக்கக் கூடாது. காரணம் உண்டு. திறந்த வண்டிக்கு மூடிய வண்டியைப்போல் பல மடங்கு விலை கிடைப்பதால், நல்ல மூடிய வண்டிகளின் உடலைக் கழற்றிவிட்டு, அச்சட்டத்தின்மேல் புதிதாகத் திறந்த உடலைக் கட்டி ஏற்றிய கதைகள் ஏராளம். அப்படிச் செய்தவற்றைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வேதனையாக இருக்கிறது. தொண்ணூறு வருஷம் தன் உடலோடு தப்பிப் பிழைத்து வந்த ஒரு வண்டியை, இன்னொரு வண்டியின் வேஷம் போட்டுக்கொள்ளச் செய்வது அதற்கு இழைக்கும் துரோகம்.

இரண்டாவது எச்சரிக்கை, வார்ப்பு உலோகம். கார்புரேட்டர் முதலிய சிறு பாகங்களைத் துத்தநாகக் கலவையில் வார்ப்பது அந்நாளைய வழக்கம். அந்தக் கலவை காலப்போக்கில் உள்ளுக்குள்ளே உப்பி, வெடித்து, கையில் எடுத்தால் பொரித்த அப்பளம்போல் நொறுங்கும். காடிலாக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு கார்புரேட்டர்கள் என்பதால் தொல்லையும் இரட்டை. நல்லவேளையாக, நாலாயிரம் வண்டிகள் பிறந்ததில் கணிசமானவை பிழைத்திருப்பதால், புதிதாக வார்த்துக் கொடுப்பவர்களும் அவற்றைப் பூட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஒரு சந்தேகம் வந்தால் கேட்பதற்கு நூறு பேர் கிடைப்பார்கள். 1938 முதல் 1940 வரை வந்த காடிலாக் பதினாறுகளை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவற்றின் என்ஜினே வேறு. கோணம் 135 பாகையாக விரிந்து, வால்வுகள் பக்கவாட்டுக்கு வந்துவிட்டன. நல்ல வண்டிகள்தாம், விலையும் நயம். ஆனாலும் பானெட்டைத் திறந்தால் அந்தப் பழைய வைபவம் இல்லை.

மார்மனுக்கு இருப்பது ஒரே பெரிய கவலை, தண்ணீர். அலுமினியமும் எஃகும் ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால், மின்கலத்தில் நடப்பது போன்ற ஒரு ரசாயனக் காரியம் அங்கே நடந்து, அலுமினியம் மெல்ல மெல்ல அரிக்கப்படுகிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றி வருஷக்கணக்கில் மூலையில் நிறுத்திவிட்ட வண்டியானால், வெளியே வெண்கலசம்போல் மின்னுகிற வார்ப்படத்தின் உட்சுவர் கறையான் தின்ற கட்டைபோல் ஆகியிருக்கும். எஃகு உறைகளின் அடியில் இருக்கும் ரப்பர் வளையங்கள் இற்றுப்போனால் தண்ணீர் எண்ணெயில் இறங்கிவிடும். மாற்று வார்ப்படம் கடையில் கிடைக்காது. பிழைத்திருக்கும் மார்மன்கள் மொத்தமே எழுபதைச் சுற்றித்தான் இருக்கும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பெரியவர் அன்று பிரித்து வைத்திருந்த ஒரு பழைய மார்மன் சிலிண்டர் தலையை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் போகும் துவாரங்களின் விளிம்பெல்லாம் வெண்பொடி பூத்து, விரல் நகத்தால் கீறினால் உதிர்ந்தது. அதைப் பற்ற வைத்து, கடைந்து, மறுபடி சமன் செய்ய அவருக்கு மூன்று மாதம் ஆகும் என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் குரலில் சலிப்பே இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, என் மனம் எந்தப் பக்கம் என்பதை மறைத்து வைப்பதில் அர்த்தமில்லை. அடிக்கடி எடுத்து ஓட்ட வேண்டும், ஊர்வலங்களுக்கும் நெடும்பயணங்களுக்கும் போக வேண்டும், குடும்பத்தோடு ஏறி மகிழ வேண்டும் என்று விரும்புகிறவர் 1930ஆம் வருஷத்துக் காடிலாக்கில் ஒரு திறந்த வண்டியை வாங்கட்டும், வசதி குறைவானால், நம்பகமான காகிதங்களோடு கூடிய மூடிய வண்டியை வாங்கட்டும், ஒருநாளும் வருந்தமாட்டார். ஆனால் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மார்மனைத்தான் எடுப்பேன். அதிலும், எல்லோரும் விலை ஏற்றிவிடுகிற திறந்த வண்டியை விட்டு, மூடிய நான்கு கதவு செடானையே எடுப்பேன். டீக் இளைஞர் வரைந்த அந்தத் தாழ்ந்த கூரைக்கோடு முழுமை பெறுவது அதில்தான். கூரையைத் துணியாக்கி மடித்துவிட்டால் அவருடைய யோசனையில் பாதி மறைந்துபோகிறது. அபூர்வமாக இருப்பதாலேயே ஒரு பொருள் உயர்ந்துவிடும் என்று நான் நினைப்பவனல்லன். மார்மன் உயர்ந்ததாக எனக்குப் படுவது, ஒரே மனிதருடைய நெடுநாளைய சிந்தனை அதன் ஒவ்வொரு அங்கத்திலும் கலையாமல் நிற்பதால். காடிலாக்கில் பல பெரிய மூளைகள் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. அந்தச் சேர்க்கையின் மேன்மையும் தெரிகிறது. மார்மனில் ஹோவர்ட் மார்மனோடு நேருக்கு நேர் பேசலாம்.

அந்த மனிதர் அத்தோடு நிறுத்தவில்லை என்பதும் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த அதே சமயத்தில், தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, பதினாறை நான்கு குறைத்துப் பன்னிரண்டு சிலிண்டர் வண்டி ஒன்றைக் கட்டினார். வழக்கமான ஏணிச் சட்டத்துக்குப் பதில் முதுகெலும்புபோல் ஒரே குழாய், முன்சக்கரங்களுக்குத் தனித்தனி ஸ்பிரிங் ஏற்பாடு என்று, பின்வரும் காலத்தில் மற்றவர்கள் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த பல யோசனைகள் அதில் இருந்தன. வாங்கிச் செய்ய எவரும் முன்வரவில்லை. 1943இல் அவர் காலமானார். அவருடைய அண்ணன் வால்டர் மார்மன், ஹெரிங்டன் என்பவரோடு சேர்ந்து 1931லேயே தொடங்கியிருந்த லாரிக் கம்பெனியின் மூலம் அந்தக் குடும்பப் பெயர் யுத்தகாலத்திலும் அதற்குப் பின்னும் வாழ்ந்தது.

நண்பருக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்லி, "மார்மனைப் பார்க்கப் போனால் வெளி மினுக்கையோ ஆசன வேலைப்பாட்டையோ முதலில் பார்க்காதேயும். பானெட்டைத் திறக்கச் சொல்லி, கீழே ஒளிந்திருக்கும் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பாரும். தண்ணீர் பால்போல் கலங்கியிருந்தாலோ, அடியில் வெண்சகதி படிந்திருந்தாலோ, பேசாமல் மூடிவிட்டுத் திரும்பிவிடும்" என்று சொல்லியிருந்தேன். போன சனிக்கிழமை இரவு, இங்கே ஊர் அடங்கிய நேரத்தில், அவர் அந்த வண்டி நிற்கும் கொட்டகையிலிருந்தே என்னைக் கூப்பிட்டார். பின்னணியில் யாரோ கதவைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல், மெதுவாக, பக்கத்தில் தூங்கும் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்கிற மாதிரி:

"மூடியைத் திறந்துவிட்டேன். டார்ச்சும் அடித்துப் பார்த்துவிட்டேன். தெளிவாக இருக்கிறது, ஐயா. அடிவரைக்கும் தெரிகிறது."